ஷட் டவுன் கொடுத்த பிறகு வரும் நீலத் திரை

கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை, காக்களூர், திருமழிசை தொழிற்பேட்டைகளில் எடைமேடை அறையிலும் கணக்குப் பிரிவிலும் ஸ்டோரிலும் கணினியைக் கடைசியாக அணைத்துவிட்டுக் கிளம்பும் நண்பர்களுக்கு,



வேலை முடிந்து ஷட் டவுன் கொடுத்தால் கணினி அணைய வேண்டும். பல அலுவலகங்களில் அது அணைவதில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. அல்லது நீலத் திரை வந்து சோக முகம் காட்டுகிறது. அல்லது அணைந்ததுபோல் இருந்துவிட்டு மறுபடி தானே எழுந்து பாஸ்வேர்டு கேட்கிறது. வெளியே கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. சென்னைப் பக்கம் போகிறவருக்கு மின்சார ரயிலைப் பிடிக்கும் அவசரம். விரல் பவர் பட்டனுக்குப் போகிறது. சில விநாடி அமுக்கிப் பிடித்தால் சத்தம் அடங்கிவிடும். அதற்கும் பொறுக்காதவர் யுபிஎஸ் சுவிட்சையே தட்டிவிட்டு அறையைப் பூட்டுகிறார். மறுநாள் காலை சிஸ்டம் வழக்கம்போலக் கிளம்பிவிடுவதால் இதை யாரும் ஒரு பிரச்சினையாகவே எடுத்துக்கொள்வதில்லை. என்றாவது ஒருநாள் கிளம்பாமல் போகும்போது, சர்வீஸுக்கு வருகிறவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு "ஃபார்மட் போட்டுடலாம்" என்கிறார். அத்தோடு பல மாத எடைச் சீட்டுகளும் போகின்றன. சிஸ்டத்தைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்ற விசாரணையும் தொடங்குகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நிற்கப்போவது உங்களில் ஒருவர்தான்.

இந்த மடலின் கோரிக்கை ஒன்றுதான். ஃபார்மட் போடச் சம்மதிக்கும் முன், கணினி ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் பதிவைப் படியுங்கள். அணையும்போது மட்டும் விழுகிற கணினி, தான் ஏன் விழுந்தது என்பதைப் பெரும்பாலும் உள்ளேயே குறித்து வைத்திருக்கிறது. அதைப் படிக்கக் கணினிப் பட்டம் வேண்டியதில்லை.

ஷட் டவுன் என்பது ஒரே நொடியில் நடக்கும் செயல்போலத் தெரிகிறது. உள்ளே அது படிப்படியாக நடக்கிறது. முதலில், திறந்திருக்கும் ஒவ்வொரு மென்பொருளையும் "மூடிக்கொள்ளலாமா" என்று விண்டோஸ் கேட்கிறது. அடுத்து, திரைக்குப் பின்னால் ஓடும் சர்வீஸ்கள் நிறுத்தப்படுகின்றன. எடைமேடை மென்பொருளின் டேட்டாபேஸ், ஆன்ட்டிவைரஸ், பிரிண்டர் வரிசை எல்லாம் இதில் சேரும். மூன்றாவதாக, ஒவ்வொரு வன்பொருளுக்கும் பொறுப்பான டிரைவரிடம் "உன் கருவியை அணை" என்ற கட்டளை போகிறது. எல்லா டிரைவரும் "முடிந்தது" என்று பதில் சொன்ன பிறகுதான் மதர்போர்டுக்கு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லும் கடைசி உத்தரவு போகும்.

இந்தக் கடைசி உத்தரவு கணினிக்குப் பிறப்பிலேயே வந்ததல்ல. விண்டோஸ் 95 காலத்துக் கணினிகளில் வேலை பார்த்தவர்களுக்கு, "இனி கணினியை அணைப்பது பாதுகாப்பானது" என்று கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்துகள் வந்து நின்றது நினைவிருக்கும். சுவிட்சை மனிதர்தான் போய் அணைக்க வேண்டும். 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் வடிவமைப்பும், 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா நிறுவனங்கள் சேர்ந்து வெளியிட்ட ஏசிபிஐ விதிமுறையும் பரவிய பிறகே கணினி தன்னைத்தானே அணைத்துக்கொள்வது வழக்கமானது. அன்று முதல் இந்தக் கோளாறும் கூடவே வருகிறது. 1999-இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் ஷட் டவுன் தொல்லை அவ்வளவு பரவலாக இருந்ததால், மைக்ரோசாஃப்ட் அதற்கென்றே தனித் திருத்தத் தொகுப்பை வெளியிட வேண்டிவந்தது.

எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். 'ஷட்டிங் டவுன்' என்ற எழுத்தோடு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் ஏதோ ஒரு மென்பொருளோ சர்வீஸோ மூட மறுக்கிறது. நீலத் திரை வந்தால் சந்தேகம் டிரைவர் மேல். ஷட் டவுன் கொடுத்தது ரீஸ்டார்ட் ஆகிறது என்றால், அதுவும் பெரும்பாலும் நீலத் திரைதான். 'சிஸ்டம் விழுந்தால் தானாக ரீஸ்டார்ட் செய்' என்ற டிக் விண்டோஸில் முன்கூட்டியே போடப்பட்டிருப்பதால், கண் சிமிட்டும் நேரத்தில் திரை மறைந்து கணினி மறுபடி கிளம்பிவிடுகிறது. சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' என்ற பகுதிக்குப் போய் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை நீலத் திரை நின்று பேசும். 2025-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு புதிய விண்டோஸ் 11 கணினிகளில் அதே திரை சோக முகம் இல்லாமல் கறுப்பாக வருகிறது. நிறம் மாறினாலும் பொருள் ஒன்றுதான்.

அந்தத் திரையில் ஒரு சதவீதக் கணக்கு ஓடும். பலரும் அதைப் பார்த்ததும் பதறிப்போய்ப் பவர் பட்டனை அமுக்குகிறார்கள். தயவுசெய்து அமுக்காதீர்கள். விழுந்த நொடியில் நினைவகத்தில் என்ன இருந்தது என்பதை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும் நேரம் அது. 100 தொடும்வரை விட்டால் சாட்சி கிடைக்கும். நடுவில் அணைத்தால் அழிந்துவிடும். கைபேசியில் அந்தத் திரையை ஒரு படம் எடுத்துக்கொண்டு காத்திருங்கள்.

இனி, கோளாறைத் தேடும் முன் செய்ய வேண்டிய ஒரு காரியம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் சிபியு என்ற இடத்தைச் சொடுக்கினால் கீழே 'அப் டைம்' என்று ஒரு எண் இருக்கும். கணினி எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. தினமும் மாலை ஷட் டவுன் செய்கிற கணினியில் காலையில் அது சில நிமிடங்களைத்தான் காட்ட வேண்டும். ஆனால் வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் காட்டும். காரணம், 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. இது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உட்கரு உண்மையில் மூடப்படுவதில்லை. அப்படியே டிஸ்க்கில் ஒரு கோப்பாக எழுதி உறங்க வைக்கப்படுகிறது. காலையில் அதே உட்கரு எழுப்பப்படுகிறது. தடுமாறி நிற்கும் டிரைவர் மறுநாளும் அதே தடுமாற்றத்தோடுதான் எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முழுமையாக மூடித் திறக்கும். அணைத்துப் போடுவதைவிட ரீஸ்டார்ட் செய்வதே முழுமையானது என்பது கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் நம் அலுவலகக் கணினிகளில் பெரும்பாலானவை இன்று அப்படித்தான் இயங்குகின்றன.

எனவே ஒரு எளிய சோதனை. ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். அதில் தொல்லையில்லை, ஷட் டவுனில் மட்டும்தான் விழுகிறது என்றால் குற்றவாளி பெரும்பாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பக்கம் இருக்கிறது. உறுதி செய்துகொள்ள, விசைப்பலகையில் ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ஷட் டவுனைச் சொடுக்குங்கள். அன்றைக்கு மட்டும் முழு ஷட் டவுன் நடக்கும். அதில் ஒழுங்காக அணைந்தால் கன்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' போய், பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடலாம். காலையில் கிளம்பச் சில விநாடி கூடுதலாகும். அவ்வளவுதான் இழப்பு. தொழிற்சாலைக் கணினிகளில் இதை நிறுத்திவைப்பதே நல்லது என்பது இந்த மடலின் உறுதியான கருத்து.

ரீஸ்டார்ட்டிலும் விழுகிறதா? அப்படியானால் எடைமேடை அறைக்குப் போவோம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஃபர்னஸ்களும் கம்பி உருட்டும் ரோலிங் மில்களும் நிறைய. ஸ்கிராப் ஏற்றி வரும் லாரியும் கம்பி ஏற்றிப் போகும் லாரியும் எடைமேடையில் ஏறாமல் வாசலைத் தாண்ட முடியாது. மேடைக்கு அடியில் இருக்கும் லோட் செல்கள் தரும் எடை, அறைக்குள் இண்டிகேட்டரில் சிவப்பு எண்களாகத் தெரிகிறது. அந்த இண்டிகேட்டரின் முதுகில் ஒன்பது ஊசி கொண்ட சீரியல் போர்ட் ஒன்று உண்டு. அதிலிருந்து வரும் கேபிள் முன்பெல்லாம் நேராகக் கணினியின் காம் போர்ட்டில் சொருகப்பட்டது. இன்றைய கணினிகள் பலவற்றில் காம் போர்ட்டே கிடையாது. ஆகவே நடுவில் யுஎஸ்பி முனையோடு ஒரு கன்வெர்ட்டர் வருகிறது. சிபியுவின் பின்னால், தூசி படிந்து, சில இடங்களில் இன்சுலேஷன் டேப் சுற்றித் தொங்கிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னப் பொருளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அதற்குள் இருக்கும் சிப்பைப் பொறுத்தே எல்லாம். தைவானின் ப்ரொலிஃபிக் நிறுவனத்தின் பிஎல்2303, பிரிட்டனின் எஃப்டிடிஐ, சீனாவின் சிஎச்340 ஆகியவை பரவலாக இருப்பவை. முதல் இரண்டுக்கும் போலிகள் உலகமெங்கும் உண்டு. போலிகளைத் தடுக்க 2014-இல் எஃப்டிடிஐ ஒரு டிரைவரை வெளியிட்டது. விண்டோஸ் அப்டேட் வழியே வந்த அது, போலி சிப்பின் அடையாள எண்ணையே பூஜ்யமாக மாற்றிச் செயலிழக்கச் செய்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. ப்ரொலிஃபிக்கின் புதிய டிரைவர்களோ பழைய சிப்பைக் கண்டால், அது 2012-லேயே கைவிடப்பட்டது என்று டிவைஸ் மேனேஜரில் எழுதிக்காட்டி இயங்க மறுக்கும். அப்போது சர்வீஸுக்கு வருகிறவர் என்ன செய்கிறார்? எங்கிருந்தோ பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய டிரைவரைக் கொண்டுவந்து ஏற்றுகிறார். எடை வருகிறது, எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்தப் பழைய டிரைவர் இன்றைய விண்டோஸின் மின்சாரக் கட்டளைகளுக்குச் சரியாகப் பதில் சொல்லும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. எடை மென்பொருள் போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்த எண்ணுக்காகக் காத்திருக்கும் வேளையில் "உன் கருவியை அணை" என்ற கட்டளை வருகிறது. டிரைவர் பதில் சொல்லாமல் நிற்கிறது. விண்டோஸ் தனக்கு வகுத்த நேரம்வரை பொறுத்துப் பார்க்கிறது. பிறகு நீலத் திரையைப் போட்டுவிடுகிறது.

இதைச் சோதிக்கச் செலவு எதுவும் இல்லை. மாலையில் முதலில் எடை மென்பொருளை மூடுங்கள். கன்வெர்ட்டரைக் கழற்றுங்கள். அதன்பின் ஷட் டவுன் கொடுங்கள். நான்கைந்து நாள் இப்படிச் செய்து ஒருநாள்கூட விழவில்லையென்றால் ஆள் கிடைத்தாகிவிட்டது. உண்மையான சிப் உள்ள கன்வெர்ட்டரை ரசீதோடு வாங்கலாம். மேசைக் கணினியாக இருந்தால், மதர்போர்டில் செருகும் சீரியல் கார்டு ஒன்றைப் போட்டு யுஎஸ்பி தொல்லையையே ஒழித்துவிடலாம். பழைய டிரைவரை நீக்கும்போது டிவைஸ் மேனேஜரில் 'டிரைவர் மென்பொருளையும் அழி' என்ற டிக்கைப் போட மறக்க வேண்டாம். மறந்தால் கன்வெர்ட்டரை மறுபடி சொருகியதும் அது திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்னொன்று: கழற்றிய கன்வெர்ட்டரை வேறு யுஎஸ்பி துளையில் சொருகினால் காம் போர்ட் எண் மாறிவிடக்கூடும், காலையில் எடை வராது. எந்தத் துளை என்று முதல் நாளே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

கணக்குப் பிரிவில் கன்வெர்ட்டர் இருக்காது. அங்கே ஜிஎஸ்டி, டெண்டர் வேலைகளுக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் மாதக்கணக்கில் சொருகியபடியே இருக்கும். யுபிஎஸ்ஸிலிருந்து வரும் யுஎஸ்பி கேபிள், வைஃபை டாங்கிள், ஒரே கணினியில் இரண்டு ஆன்ட்டிவைரஸ் ஆகியவையும் சந்தேகப் பட்டியலில் உண்டு. முறை அதேதான்: எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, நாளுக்கு ஒன்றாகத் திரும்பச் சொருகிப் பாருங்கள். ஒரே நாளில் மூன்று மாற்றம் செய்தால் எது பலித்தது என்று யாருக்கும் தெரியாது.

இப்போது அந்தப் பதிவுக்கு வருவோம். ஸ்டார்ட் பட்டனில் வலது சொடுக்கு கொடுத்தால் 'ஈவென்ட் வியூவர்' என்று ஒன்று வரும். அதில் 'விண்டோஸ் லாக்ஸ்', அதற்குள் 'சிஸ்டம்'. ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும். மஞ்சளும் சிவப்புமாக எச்சரிக்கைகள் இருக்கும். மிரள வேண்டாம். நன்றாக ஓடும் கணினியிலும் சிவப்பு வரிகள் இருக்கும். உங்களுக்கு வேண்டியவை சில எண்கள் மட்டுமே. 1074 என்றால் யாரோ ஷட் டவுனோ ரீஸ்டார்ட்டோ கொடுத்திருக்கிறார்கள். யார், எப்போது என்பதும் அதில் இருக்கும். 6006 என்றால் பதிவேட்டுச் சேவை ஒழுங்காக மூடப்பட்டது. 6008 என்றால் முந்தைய முறை கணினி எதிர்பாராமல் அணைந்தது. 41 என்ற எண்ணோடு 'கெர்னல்-பவர்' என்று வந்தால், முறையாக மூடாமல் கணினி மறுபடி கிளம்பியிருக்கிறது.

அந்த 41-ஐத் திறந்து 'டீடெயில்ஸ்' பக்கம் போங்கள். அங்கே 'பக்செக் கோட்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 159 என்று இருந்தால், மேலே சொன்ன அதே கதை: ஏதோ ஒரு டிரைவர் மின்சாரக் கட்டளைக்குப் பதில் சொல்லவில்லை. 122 என்றால் டிஸ்க்கிலிருந்து படிக்க முடியாமல் போயிருக்கிறது. அன்றே பேக்கப் எடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. 26 என்றால் ராமைச் சோதிக்க வேண்டும். விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கிறது. 0 என்று இருந்தால் நீலத் திரை எதுவும் பதிவாகவில்லை. கரன்ட் போயிருக்கலாம், அல்லது உறைந்து நின்ற கணினியை யாரோ அணைத்திருக்கலாம். அது எது என்பதற்கும் அதே பக்கத்தில் சாட்சி உண்டு: 'பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப்' என்ற வரி 0 ஆக இல்லாமல் நீண்ட எண்ணாக இருந்தால் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள். மாலை நேரத்துச் சச்சரவுகள் பலவற்றை இந்த ஒரு வரி தீர்த்துவைக்கும். தப்பு செய்யாதவர் மேல் பழி விழாமல் காப்பாற்றவும் செய்யும்.

நீலத் திரை 100 தொடும்வரை நீங்கள் காத்திருந்தால், விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'மினிடம்ப்' என்ற ஃபோல்டரில் தேதியிட்ட ஒரு சிறு கோப்பு கிடைக்கும். நிர்சாஃப்ட்டின் இலவச ப்ளூஸ்கிரீன்வியூ அதைத் திறந்து, விழுந்த நேரத்தில் எந்தெந்த டிரைவர் மேடையில் இருந்தது என்று காட்டும். விண்டோஸின் உட்கருக் கோப்பின் பெயரே அதில் அடிக்கடி வரும். அதைப் பார்த்து "ஓஎஸ் கெட்டுப்போச்சு" என்று முடிவு கட்டிவிடக்கூடாது. கட்டளைக்குப் பதில் வராததைக் கண்டுபிடித்துப் புகார் சொன்னது உட்கரு. பதில் சொல்லாத டிரைவரின் பெயர் அதற்கு அருகில் இருக்கும். இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட்டின் விண்டிபிஜியில் திறந்து ஆழமாகப் பார்க்க வேண்டும். சர்வீஸ் செய்கிறவர்களுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய வேலை.

இதையெல்லாம் படிக்கும் முன் திரையின் மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் காசு பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பின்னோக்கிப் போயிருக்கும்; பதிவுகள் எல்லாம் தவறான நாளில் விழும்; ஜிஎஸ்டி தளம்கூடப் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும். காசு பேட்டரி மலிவான பொருள். முதலில் அதை மாற்றிவிட்டு மற்றதைத் தேடுங்கள்.

இந்தப் பகுதிக்கே உரிய இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விட முடியாது. ஒன்று மின்சாரம். தூண்டல் ஃபர்னஸ்கள் மின்கம்பியில் ஹார்மோனிக்ஸ் எனப்படும் அலைக்குழப்பத்தை உண்டாக்கும். பெரிய மோட்டார்கள் கிளம்பும்போது வோல்டேஜ் சட்டென்று இறங்கி ஏறும். கணினியின் எஸ்எம்பிஎஸ், மின்சாரம் நின்றாலும் முழுச் சுமையில் ஏறத்தாழ 16 மில்லி விநாடிதான் தாங்கும்படி வடிவமைக்கப்படுகிறது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுற்றே 20 மில்லி விநாடி. ஆக, ஒரு சுற்றுக்கும் குறைவான தடை போதும் கணினி விழ. யுபிஎஸ் இருந்தும் பயனில்லாமல் போவது, அதன் உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரி செத்துப்போயிருப்பதால்; கரன்ட் இருக்கும்வரை பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. இன்னொன்று தூசி. ரோலிங் மில் அருகே இருக்கும் அலுவலகத்தில் சிபியு மூடியைத் திறந்தால், வீட்டுக் கணினியில் இருக்கும் பஞ்சுபோன்ற தூசி இருக்காது; கருஞ்சாம்பல் நிறப் பொடி படிந்திருக்கும். ஒரு காந்தத்தைக் காட்டினால் அது ஒட்டிக்கொண்டு மேலே வரும். இரும்புச் செதில் அது. ஃபேனை அடைத்துச் சூட்டைக் கூட்டும். இணைப்புகளுக்கு நடுவே விழுந்தால் அதைவிட மோசம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். மின்சாரமும் தூசியும் காரணமென்றால் கணினி எந்த நேரத்திலும் விழும். காலை பதினொரு மணிக்கும் விழும். ஷட் டவுன் கொடுக்கும்போது மட்டும் தவறாமல் விழுகிற கணினிக்குப் புது எஸ்எம்பிஎஸ் போடச் சொன்னால் உடனே பணத்தை எடுக்காதீர்கள். 41-இல் என்ன எண் இருக்கிறது என்று கேளுங்கள்.

குற்றம் உங்கள் பக்கமோ கருவியின் பக்கமோ இல்லாமல், மைக்ரோசாஃப்ட்டின் பக்கமே இருந்ததும் உண்டு. 2020 பிப்ரவரியில், ஆதரவு முடிந்த சில வாரங்களில், விண்டோஸ் 7 பயனர்கள் பலருக்கு "இந்தக் கணினியை ஷட் டவுன் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லை" என்ற செய்தி வந்தது. விண்டோஸ் 11-இல் 'அப்டேட் செய்து ஷட் டவுன் செய்' என்று கொடுத்தால் அணையாமல் ரீஸ்டார்ட் ஆகி நிற்கும் குறை நெடுநாள் இருந்து, 2025 இறுதியில்தான் திருத்தப்பட்டது. 2026 ஜனவரி 13 அன்று வந்த அப்டேட்டுக்குப் பின், 'செக்யூர் லாஞ்ச்' இயங்கும் விண்டோஸ் 11-இன் 23எச்2 பதிப்புக் கணினிகள் சில அணைய மறுத்து ரீஸ்டார்ட் ஆயின. சில நாட்களிலேயே தனித் திருத்தம் வந்தது. ஆகவே தொல்லை எந்தத் தேதியில் தொடங்கியது, அதற்கு முன்தினம் எந்த அப்டேட் ஏறியது என்று பாருங்கள். 'ரிலையபிலிட்டி மானிட்டர்' என்று தேடினால் நாள்வாரியாகப் படமே போட்டுக் காட்டும்.

திருவள்ளூர் மாவட்டத்துக்கும் கணினிக்கும் ஒரு பழைய உறவு உண்டு. தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது காக்களூரில்தான். எல்காட் வழியே வாங்கி வழங்கப்பட்ட அந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அன்று பிளஸ் டூ மாணவராக அதை வாங்கியவர்கள் இன்று முப்பதைத் தாண்டியவர்கள். இதே தொழிற்பேட்டைகளில் வேலை பார்க்கிறவர்களும் அவர்களில் இருப்பார்கள். இரண்டு இயங்குதளம் உள்ள கணினியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஓடினால், விண்டோஸ் பாதி உறக்கத்தில் விட்டுப்போன டிஸ்க்கை லினக்ஸ் எழுதத் திறக்காது. அங்கும் மருந்து அதேதான்: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துவது. கணினியைத் தொடவே பயந்த தலைமுறை அல்ல இது. வீட்டில் தானே ஓஎஸ் ஏற்றிப் பழகியவர்கள் ஆலைக்குள் வந்ததும் ஈவென்ட் வியூவரைத் திறக்கத் தயங்குவதற்குக் காரணம் அறிவுக் குறைவு என்று தோன்றவில்லை. தொட்டால் பழி நம் மேல் விழும் என்ற அச்சம்தான்.

அதனால் முதலாளிகளுக்கும் மேலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. கணினியை அணைக்கும் ஊழியருக்கு ஷிப்ட் முடிவில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அந்தப் பத்து நிமிடம் இல்லாததால்தான் அவர் பவர் பட்டனை அமுக்குகிறார். மூட நேரம் கிடைக்காத டேட்டாபேஸ் எந்த நாளில் கெடும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. எடைச் சீட்டு இல்லாமல் பில் போடவும், மாநில எல்லையைத் தாண்டும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் எடுக்கவும் முடியாமல் வாசலில் லாரி நிற்கும் ஒரு மணி நேரத்தின் விலை என்ன என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பேக்கப் தினமும் வேறொரு டிஸ்க்குக்குப் போகிறதா என்பதையும் கேளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது; இன்னும் அதில் ஓடும் எடைமேடைக் கணினிகளுக்கு என்ன ஏற்பாடு என்பதும் உங்கள் மேசைக்கு வர வேண்டிய கேள்வி.

சர்வீஸ் செய்யும் தம்பிகளுக்கும் ஒன்று. ஃபார்மட் போட்டால் கோளாறு போய்விடுவதுபோல் தோன்றுவது, பழைய டிரைவரும் சேர்ந்து அழிவதால். எடை வரவில்லை என்று அடுத்த நாளே அதே டிரைவரை நீங்கள்தான் மறுபடி ஏற்றுகிறீர்கள். கோளாறும் அதனோடு திரும்பி வருகிறது. காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னால் வாடிக்கையாளர் அதற்கும் பணம் கொடுப்பார், கொடுக்கத்தான் வேண்டும்.

நண்பர்களே, இன்று மாலை கிளம்பும் முன் கணினியின் அருகே ஒரு நோட்டைப் போட்டுவையுங்கள். தேதி, நேரம், ஷட் டவுனா ரீஸ்டார்ட்டா, திரையில் வந்தது என்ன, அன்று என்ன சொருகியிருந்தது, 41-இல் இருந்த எண் என்ன ஆகியவற்றை ஒரு வரியில் எழுதுங்கள். அடுத்த ஷிப்டில் வருகிறவரையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரத்துப் பக்கங்களைச் சர்வீஸுக்கு வருகிறவர் கையில் கொடுத்து, அதைப் படித்த பிறகே கணினியைத் தொடச் சொல்லுங்கள்.